மிச்சம் இரண்டு சீட்டு

பெற்ற தாயை யார் வைத்துக்கொள்வது என்பதைச் சூதாட்ட மிஷின் முடிவு செய்யட்டும் என்று முதலில் சொன்னது வீரமணிதான். அவன் ஒன்றும் சூதாடி இல்லை. பெரம்பலூரில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவன். அவனுக்குக் காகிதச் சீட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான்.

நம்பிக்கை போனதற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்த வருடம், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த முந்திரிக்காட்டை அவனும் அண்ணன் கொளஞ்சியும் பிரித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைக்குப் பங்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கடைக்குட்டி பிரவீணாவும் கேட்கவில்லை. திருவுளச்சீட்டு எழுதிக் குலதெய்வத்தின் காலடியில் போட்டதில், போர்க்குழாய் இருந்த மேல்பாதி கொளஞ்சிக்கு விழுந்தது. கல் கிடந்த கீழ்ப்பாதி வீரமணிக்கு. சீட்டு ஒன்று கசங்கியிருந்தது, எடுத்த குழந்தை அண்ணன் வீட்டுக் குழந்தை, இன்னொரு தடவை எடுக்கலாம் என்று வீரமணி கெஞ்சிப் பார்த்தான். "சாமி முன்னாடி விழுந்தது விழுந்ததுதான்டா" என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான் கொளஞ்சி. அந்த உதறலை வீரமணி இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது பிரிக்க வேண்டியது காடு இல்லை, அம்மா. ரெங்கம்மாளுக்குக் கொரோனா வருடத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பிரவீணா வேலை பார்த்த சென்னைக் கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தது. "பாப்பா வூட்லதானே இருக்கு" என்று அண்ணன்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒரே குரலில் சொன்ன ஒரே விஷயம் அதுதான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, ஊரில் இருந்த அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டுப் பிரவீணா குரும்பலூரில் ஒரு வீடு பிடித்தாள். வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு கையால் அம்மாவைப் புரட்டிவிட்டு இன்னொரு கையால் மீட்டிங்கில் தலைகாட்டப் பழகிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "உங்கம்மாவும் கூடவே வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் வருவது நின்றுபோயிற்று. முப்பத்தாறு வயதில் அவள் ஆசைப்பட்டதெல்லாம் இடையில் யாரும் கூப்பிடாத ஒரு தூக்கம்.

இந்த நிலையில்தான் கம்பெனி கடிதாசி அனுப்பியது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லாரும் ஆபீசுக்கு வர வேண்டும், வராதவர்களுக்கு வேலை இல்லை. அவள் அண்ணன்களுக்குப் போன் போட்டாள். ஒருவன் முந்திரி சீசன் என்றான். இன்னொருவன் முகூர்த்த மாசம் என்றான். அம்மா ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் ஏதோ ஒரு காலம் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று பேச்சு வந்து நின்றபோது வீரமணி கறாராகச் சொன்னான்: "பேப்பர் சீட்டு வேணாம். பாப்பாகிட்ட மிஷின் இருக்குல்ல, அதுல போடட்டும். அதுக்கு அண்ணன் தம்பின்னு யாரையும் தெரியாது."

பிரவீணாவின் வேலை என்னவென்று குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறாள் என்பது உறவுக்காரர்கள் கண்டுபிடித்த விளக்கம். முழுக்கப் பொய் என்றும் அதைத் தள்ளிவிட முடியாது. வெளிநாட்டு விடுதிகளில் வைக்கிற போக்கர் மிஷின்களுக்கு அவள் கம்பெனி புரோகிராம் எழுதியது. அந்த மிஷின் சீட்டை ஒழுங்காகக் கலக்கிப் போடுகிறதா என்று சோதிப்பது அவள் பிழைப்பு. திரையில் ஐந்து சீட்டு விழும், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை மாற்றிக்கொள்ளலாம், ஆட்டம் அவ்வளவுதான். உள்ளே நடப்பதுதான் பெரிய கூத்து. ஆள் வந்து உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் எண்கள் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். விரல் பட்டனில் பட்ட அந்தக் கணத்தில் எந்த எண் ஓடுகிறதோ அதை வைத்து ஐம்பத்திரண்டு சீட்டும் வரிசையாகும். கண் இமைக்கும் நேரம் பிந்தி அழுத்தியிருந்தால் வேறு சீட்டு. போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று மிஷினுக்கு ஞாபகமே இருக்காது. வீட்டில் அந்த வரம் யாருக்காவது வாய்த்திருக்கிறதா என்று பிரவீணா சில நாள் யோசித்ததுண்டு.

அவள் சோதிக்கும்போது லட்சக்கணக்கான ஆட்டங்களை ஓடவிட்டு, ஒவ்வொரு சீட்டும் ஏறக்குறைய சம அளவில் வருகிறதா என்று பார்ப்பாள். அந்த வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. விழுந்த ஆட்டம் எதையும் தள்ளக் கூடாது. பிடிக்காததை நீக்கிவிட்டுப் பிடித்ததை மட்டும் எண்ணினால் எந்தத் திருட்டு மிஷினும் உத்தமனாகிவிடும்.

சோதனைக்கென்று ஒரு கள்ளவழியும் உண்டு. அதற்கு விதை எண் என்று பெயர். சுழலும் எண்களை நிறுத்திவிட்டு ஒரு குறிப்பிட்ட எண்ணை ஊன்றினால், அதிலிருந்து முளைக்கிற சீட்டு வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். எந்த விதைக்கு எந்தச் சீட்டு முதலில் விழும் என்பது பிரவீணாவுக்கு மனப்பாடம். இதை எப்போதோ வாய்தவறி வீட்டில் சொல்லியிருந்தாள். சொன்னது வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் கொளஞ்சி போன் பண்ணினான். "பாப்பா, நாளைக்கு வரேன். ஒங்கண்ணிக்கு இடுப்பு வலின்னு ஒனக்கே தெரியும். கொஞ்சம் பாத்துப் போடு, என்ன?"

அவன் வைத்த கையோடு வீரமணியின் மனைவி சண்முகப்பிரியா கூப்பிட்டாள். "பிரவீணா, ஒங்கண்ணனுக்கு நான் பேசுனது தெரியாது. எங்க வூடு மாடில இருக்கு, அத்தையால படி ஏற முடியுமா சொல்லு. நீ மனசு வச்சா நடக்கும்."

இரண்டு பேருக்கும் அவள் 'சரி' என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டால் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே களைத்துப்போய் நின்றுவிட்டது. கொளஞ்சிக்குச் சின்னச் சீட்டு விழுகிற விதை எண் அவளுக்குத் தெரியும். அதை ஊன்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கலாம். அன்று முழுவதும் அந்த எண் மனசில் வந்து வந்து நின்றது. ஊன்றவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, ஏமாற்றிய பாரத்தையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பில்லை என்பதால்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். கொளஞ்சி ஒரு பை முந்திரிக்கொட்டை கொண்டுவந்திருந்தான். கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த மேசையில் பிரவீணா லேப்டாப்பைத் திறந்தாள். ரெங்கம்மாளுக்கு அந்தத் திரை பழக்கம்தான். எதையாவது எண்ண வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து, "இது எத்தன புள்ளிம்மா?" என்று திரையில் விழுகிற சீட்டுகளைக் காட்டியே பிரவீணா அவளை எண்ண வைத்திருக்கிறாள். டிவி இல்லாத வீட்டில் ரெங்கம்மாளுக்கு நாடகமும் அதுதான், செய்தியும் அதுதான். தலையணையில் சாய்ந்து, நல்ல கையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"இடமிருந்து மொத சீட்டு பெரியண்ணனுக்கு. ரெண்டாவது சின்னண்ணனுக்கு. மூணாவது எனக்கு. ஆஸ்தான் பெரிசு. யாருக்குச் சின்னச் சீட்டோ அவங்க அம்மாவ வச்சுக்கணும். மிச்சம் ரெண்டு சும்மா" என்றாள் பிரவீணா.

"மூத்தவன் நான் அழுத்தறேன்" என்று கொளஞ்சி முன்னே வந்தான். மரியாதை விஷயத்தில் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு அழுத்தினான்.

ஐந்து சீட்டு விழுந்தது. கொளஞ்சிக்கு கிளாவர் மூன்று. வீரமணிக்கு ராணி. பிரவீணாவுக்கு எட்டு.

கொளஞ்சி திரையையே முறைத்தான். "இது சும்மா ட்ரையல்தானே? எப்படி வேல செய்யுதுன்னு பாக்கத்தானே அழுத்துனேன்" என்றான்.

சாமி கும்பிட்டுவிட்டு ட்ரையல் பார்க்கிற ஆளை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் மூத்தவன். சரி என்று இரண்டாவது தடவை வீரமணியை அழுத்தச் சொன்னார்கள். பிரவீணா மூன்று சீட்டைப் படித்தாள். "பெரியண்ணன் டைமன் அஞ்சு. சின்னண்ணன் ஒம்போது. எனக்கு ராஜா." கட்டிலில் அம்மா வழக்கம்போலப் புள்ளி எண்ணி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஏனென்றால் கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டான்.

"ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து எப்படி விழும்? மிஷின் கலக்கவே இல்லன்னுதானே அர்த்தம்?"

"விழும்ண்ணே. போன தடவ யாருக்கு விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது" என்றாள் பிரவீணா. எத்தனையோ வருடமாக இதே பதிலை எழுதிக்கொண்டிருக்கிறாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ தோற்றுப்போனவர்கள் எல்லாரும் இதே வார்த்தையில்தான் புகார் அனுப்புகிறார்கள். தோற்றவனுக்கு மட்டும்தான் மிஷின் கலக்காமல் போடும். ஜெயித்தவன் ஒருவன்கூட இதுவரை புகார் எழுதியதில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கையோட கையா விழுந்தா அது தப்பு. வூட்டுக்கு வந்த மருமவ, சண்முகப்பிரியா அழுத்தட்டும்" என்றான் கொளஞ்சி.

சண்முகப்பிரியா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். கொளஞ்சிக்கு ஆஸ். வீரமணிக்குப் பத்து. பிரவீணாவுக்கு நான்கு.

வீடே மூச்சு விட்டது. கொளஞ்சியின் முகம் தெளிந்தது. "இப்பத்தான் சரியாக் கலந்திருக்கு" என்றான். சண்முகப்பிரியா பிரவீணாவின் தோளில் கை வைத்தாள். "பாத்தியா? யார்கிட்ட இருந்தா அத்தைக்கு நல்லதுன்னு மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு." வீரமணி பைக் சாவியைத் தேடினான்.

பிரவீணா அந்த மூன்று ஆட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். மிஷின் எந்தத் தப்பும் பண்ணவில்லை. பிடிக்காதது விழுந்தால் இன்னொரு தடவை, பிடித்தது விழுந்தால் அதோடு சரி என்றால், எவ்வளவு நேர்மையான மிஷினும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்கும். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டத் தெம்பில்லாமல், கணக்கு ஒப்பிக்கிற குரலில் பேசினாள்.

"மூணும் கணக்குதாண்ணே."

"எது மூணும்?"

"விழுந்ததெல்லாம் கணக்குதான். எதையும் தள்ள முடியாது. எங்க வேலைல அப்படித் தள்ளுனா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒரு ஆட்டத்துக்கு நாலு மாசம்னு வச்சுக்குவோம். ரெண்டு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு. மொத எட்டு மாசம் அம்மா ஒங்ககிட்ட இருக்கட்டும். அதுக்குள்ள நான் சென்னைல வூடு பாத்து அழைச்சுக்கிறேன். என்னால முடியலண்ணே. நான் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

"மொத ஆட்டம் ட்ரையல்னு சொன்னனா இல்லியா?" என்று கொளஞ்சி குரலை உயர்த்தினான்.

வீரமணி சாவியைத் தேடுவதை நிறுத்தினான். எந்தக் கணக்கிலும் அவன் பெயர் இல்லை; அந்த நிம்மதியே ஒருவனுக்குப் போதும். அதற்கு மேல் அவனுக்குப் பழைய பாக்கி ஒன்று இருந்தது. நிதானமாக வேட்டியை உதறிக் கட்டினான்.

"சாமியக் கும்பிட்டுட்டுத்தானே அழுத்துன? விழுந்தது விழுந்ததுதாண்ணே" என்றான்.

அதற்குப் பதில் சொன்னால் முந்திரிக்காட்டின் கதை மறுபடி திறக்கும் என்று கொளஞ்சிக்குத் தெரியும். முந்திரிக்கொட்டைப் பையை மேசையில் வைத்துவிட்டு, "சரி, அனுப்பு" என்றான்.

மாதக் கடைசியில் அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். கார் அனுப்புகிறேன் என்ற கொளஞ்சி, ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன் என்று கடைசியில் மாற்றிக்கொண்டான். பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் ஒரு கை பிடித்து ரெங்கம்மாளை ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் பிரவீணா, மடியில் லேப்டாப் பை. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி ஜன்னல் கம்பியில் படிந்துகொண்டே வந்தது. அரியலூரில் இறங்கி அடுத்த பஸ் ஏறினார்கள். பிரவீணாவுக்குக் கண் செருகியது. அம்மாவைக் கொண்டுபோய் விடுகிற வழியில் தூக்கம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"பிரவீணா." ரெங்கம்மாளின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் வார்த்தைகள் மெதுவாகத்தான் வரும்.

"என்னம்மா? தண்ணி வேணுமா?"

"அன்னிக்கு அஞ்சு சீட்டு விழுந்துச்சுல்ல. மூணு ஒங்களுக்கு. மிச்சம் ரெண்டு யாருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா. அந்த ஆட்டத்துல எப்பவும் அஞ்சுதான் விழும்."

ரெங்கம்மாள் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாலாவத நான் எனக்குன்னு வச்சுக்கிட்டேன்."

பிரவீணாவுக்குத் தூக்கம் கலைந்தது.

"மொத தடவ எனக்குப் படம் போட்ட சீட்டு விழுந்துச்சு, பெரிசு. மூணாவது தடவையும் படம்தான். நடுவுல விழுந்துச்சே, அதுல எனக்கு ரெண்டு புள்ளி. கருப்பு. கொளஞ்சிக்கு அஞ்சு புள்ளி. எதும்மா சின்னது?"

பையைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. திரை அப்படியே கண்முன் வந்தது. டைமன் ஐந்து, ஒன்பது, ராஜா. அதற்குப் பக்கத்தில் கிளாவர் இரண்டு. கம்பெனியில் ஐந்து சீட்டில் ஒன்றைப் பார்க்காமல் விட்டால் வேலை போய்விடும். அன்றைக்கு அவளே இரண்டைச் 'சும்மா' என்று சொல்லித் தள்ளியிருக்கிறாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"என்ன யாரு கேட்டீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். யார் தலையில் அம்மா விழுவாள் என்று மூன்று பேரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவும் ஒரு ஆளாக உட்கார்ந்து ஆடியிருக்கிறாள். தன்னைத்தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சீட்டு வாங்கி, அதை யாரிடமும் சொல்லாமல் மூடிக்கொண்டிருக்கிறாள். பிரவீணா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து, பஸ் என்றும் பார்க்காமல் அழுதாள். ரெங்கம்மாள் தடுக்கவில்லை.

அழுகை அடங்கிய பிறகு ரெங்கம்மாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"விழுந்ததெல்லாம் கணக்குன்னு நீதானே சொன்ன. அப்ப கொளஞ்சிக்கு ரெண்டு இல்ல, ஒண்ணுதான். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என் நாலு மாசத்த நான் என் வூட்ல இருந்துக்கறேன். அவன் வூட்லேருந்து நாலு வூடு தள்ளித்தானே? சோறு குடுத்து வுட்டா போதும். பூட்டியே கெடக்கு."

"தனியா எப்படிம்மா இருப்ப?"

"அது என் பாடு. எனக்குத்தானே விழுந்துச்சு."

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சொன்னபடி கொளஞ்சி நின்றிருந்தான். முகத்தில் எட்டு மாதம் இப்போதே ஏறி உட்கார்ந்திருந்தது. அம்மாவை இறக்குவதற்குக் கை நீட்டியவனிடம், படியிலிருந்தே பிரவீணா கேட்டாள்.

"அண்ணே, அம்மா வூட்டுச் சாவி எங்க?"